பெயர் வெட்டு

கோனாபட்டில், கல்யாணம் முடிந்த நாலாம் நாள்
சாமானைச் சிட்டையோடு ஒத்துப் பார்த்தார்கள்.
பித்தளை, வெண்கலம், எவர்சில்வர்,
எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாய் வெட்டிய
உமையாள்.
ஒரு குத்துச்சட்டி மட்டும் கூடுதல்.
அதன் விளிம்பில் சிகப்பி.
"யாரது?" என்றேன்.
மாமியார் சிட்டையை மடித்தார்.

எங்களுக்கு ஒதுக்கிய அறை இரண்டாம் கட்டில்.
சாவி என் முழங்கை நீளம்.
முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர்
இருட்டிலும் வழுவழுத்தது,
குளித்து வந்த தோள் மாதிரி.
நடுச்சாமத்தில் சுவருக்குள் உளிச்சத்தம்.
டிக். டிக்.
கொஞ்சம் யோசித்து, டிக்.
"மரநாய்" என்றார் அவர், கண் திறக்காமல்.

விடிந்தால் ஒரு டம்ளரில் நான் இல்லை.
மறுநாள் தூக்குவாளி.
அப்புறம் அம்மா தனியாகக் கொடுத்தனுப்பிய
குங்குமச் சிமிழ்.
எங்கும் சிகப்பி, சிகப்பி,
நூறு வருஷம் புளிபோட்டுத் தேய்த்து மழுங்கியதுபோல.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கையில்
பிடரியில் கை பட்டுச் சொரசொரத்தது.
விரலால் எழுத்துக் கூட்டினேன்.
சி. க.
மிச்சத்துக்கு இடம் விட்டிருந்தது.

அன்று ராத்திரி அவர் குப்புறப் படுத்திருந்தார்.
சட்டையை மெல்ல ஏற்றினேன்.
தோள்பட்டையிலிருந்து கீழே பெயர்கள்,
ஏழோ எட்டோ,
வெவ்வேறு கையெழுத்தில்.
சிகப்பி கடைசி.

அவர் தூங்கவில்லை.
"இடுப்புக்கிட்ட கொஞ்சம் இடம் இருக்கு"
என்றார், தலையணைக்குள்.

தலைமாட்டில்,
சிட்டையில் ஏறாத ஓர் உளி.
எடுத்தேன்.
யாரோ இப்போதுதான் வைத்துப்போன
கைச்சூடு.