ஏறுவதற்குப் பத்து டெட்ரி

திபிலீசியில் க்ல்தானிப் பக்கம்
ஒன்பது மாடிக் கட்டடம்.
லிப்டுக்குள் ஒரு தகரப் பெட்டி;
பத்து டெட்ரி போட்டால்தான் மேலே போகும்.
இறங்குவதற்குக் காசு கிடையாது.
விழுவது எங்கேயும் இலவசம்தானே என்பான்
என்னோடு வேலை செய்யும் கோச்சா,
சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொள்வான்.

நான் லிப்ட் பழுது பார்ப்பவன்.
பிப்ரவரியில் ஒரு சாயங்காலம்
கதவுத் தடத்துக்கு எண்ணெய் விட்டு நிமிர்ந்தபோது
பெட்டியின் தலைமேல் ஒரு காசு.
யாரோ மறந்துவிட்டார்கள் என்று
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
யோசிக்கவே இல்லை.
அந்தக் காசுக்கு ஒரு தீப்பெட்டிகூட வராது.

பிறகு அவர் வந்தார்.
அவ்தாந்தில் என்று பின்னால் தெரிந்தது.
இரண்டு ஊன்றுகோல்,
கழுத்தில் மாட்டிய பையில் உருளைக்கிழங்கு,
தோளில் இன்னும் உருகாத பனி.
என்னைப் பார்க்கவில்லை.
ஒரு கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
பெட்டியின் மேல் உள்ளங்கையால் தடவினார்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி இல்லை,
தன் வீட்டுச் சுவிட்சைத் தொடுகிற மாதிரி.

ஒன்றுமில்லை.
இன்னொரு தடவை. மூலைவரைக்கும்.
பிறகு கோலை எடுத்துக்கொண்டு
படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.
ஏழாம் மாடி.

என் பையில் அந்தக் காசு
அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் கிடந்தது.
நீட்டியிருக்கலாம்.
நீட்டினால் நான் திருடன்,
வாங்கினால் அவர் பிச்சைக்காரர்.
நா எழவில்லை.
"ஐயா, இப்போதுதான் பழுது பார்த்தேன்,
பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும்,
கொஞ்சம் ஏறுகிறீர்களா?"
சாவியைத் திருப்பினேன்.
பேசாமல் போனோம்.
ஐந்தாம் மாடியில் லிப்ட்
வழக்கம்போல் ஒருமுறை இருமியது.

கதவு திறந்ததும் சொன்னார்:
"மூன்று வாரமாக இங்கே எனக்கு ஒரு காசு இருக்கும்.
யார் வைக்கிறார்களோ.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின்
வெளியே போகவே மனசில்லை.
இப்போது தினமும் இறங்குகிறேன்,
அது இருக்கிறதா என்று பார்க்க."

கீழே வந்தேன்.
முழங்கைவரை மாவு ஒட்டிய ஒரு பெண்,
ஒரு கால் வெளியிலேயே இருக்க
உடம்பை மட்டும் உள்ளே வளைத்து
பெட்டியின்மேல் காசை வைத்துவிட்டு
சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.
"ஏறவில்லையா?"
"இதிலா? கரண்ட் அடிக்கடி போன வருஷங்களில்
ஒரு ராத்திரி முழுக்க உள்ளே கிடந்தவள் நான்.
எட்டு மாடியும் படிதான்.
எனக்கு மிச்சமாகிற காசுதானே அது."
ரொட்டி வாசனை முன்னே போக
மூச்சு வாங்க ஏறிப்போனாள்.

என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன்.
எடுத்ததைத் திருப்பி வைப்பது கொடுப்பது ஆகாது,
தெரியும்.
பையைத் துழாவினேன்.
இருந்தது ஒரே ஒரு நோட்டு.

வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த கோச்சாவை எழுப்பி
சில்லறை கேட்டேன்.
எதற்கு என்றான்.
மேலே போக, என்றேன்.