வியாழக்கிழமை லாரி

மூன்றாம் முறை விழுந்ததில்
மணிக்கட்டு போனது.
"இறைச்சி லாரி வியாழன் வருது"
என்றான் டெல்பர்ட், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

வெர்னா ரோடியோக்காரனுக்குப் போன் போட்டாள்.
துள்ளுவதற்கென்றே காசு கொடுப்பவன்
வயோமிங்கின் இந்தக் கோடியில்
அவன் ஒருவன்தான்.

வந்தான். விலாவில் வாரை இறுக்கினான்.
சாம்பல் குதிரை அது பாட்டுக்கு நின்றது,
ஒரு காதை மட்டும் காற்றுக்குக் கொடுத்து.
ஏறிக் குதிகாலால் இடித்தான்;
நடந்தது,
ஞாயிறு ஆராதனைக்குப் போகிற மாதிரி.

"இதுக்கா நூறு மைல்?"
அவன் வண்டிப் புழுதி அடங்க வெகுநேரமாயிற்று.

வேலியில் சாய்ந்து சிரித்தாள் வெர்னா,
மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுக்க.

வியாழக்கிழமை லாரிக்காரனுக்குக்
காபி மட்டும் கொடுத்தாள்.
கட்டுப் பிரித்த மறுநாள்
சேணத்தோடு போனாள்.

அவள் முதுகின் அளவு தெரிந்த புல்
அங்கேயேதான் இருந்தது.