பதினோரு மணிக்கு அடிக்கும் நண்பகல்

புர்னோவில் நண்பகல்
பதினோரு மணிக்கே அடித்துவிடும்.
பன்னிரண்டு அடிப்பதற்குள் ஊர் விழாவிட்டால்
முற்றுகையை விட்டுப் போய்விடுவேன் என்றானாம்
சுவீடன் படைத்தலைவன்.
பெத்ரோவ் குன்றின் மேல் யாரோ
கயிற்றை முந்தி இழுத்துவிட்டார்களாம்.
ஊர் இதை வெற்றி என்கிறது.
கெர்னலில் இதற்குப் பெயர் வேறு.

எட்டு நாளாக ஒரு பிழை.
அதுவும் பிழை தேடும் நிரலுக்குள்ளேயே,
கொசுவலைக்குள் கொசு.
ஆயிரத்தில் ஒருமுறை, சில இரவு லட்சத்தில் ஒருமுறை
மூன்றாம் கோர் செத்து விழும்.
எங்கே என்று பார்க்க
ஒரு வரி அச்சிடச் சொன்னால் விழாது.
அந்த வரியை எடுத்தால்
விழும்.

"வ்லாஸ்தா, அதற்கு உன்னிடம் வெட்கம்"
என்றான் ஓட்டகர்,
கடைசி டிராமைப் பிடிக்கக் கோட்டை மாட்டியபடி.

பதிவுகளைக் காகிதத்தில் எடுத்து
கோருக்கு ஒரு பட்டையாகக் கத்தரித்துத்
தரையில் பரப்பினேன்.
ஒன்றை ஒரு விரற்கடை மேலே தள்ளினேன்.
இன்னும் கொஞ்சம்.
முழங்கால் மரத்துப்போன நேரத்தில்
தெரிந்தது.

பூஜ்யம் முதலில் பேரேட்டில் பெயரை அடிக்கிறது,
பிறகுதான் நிறுத்தக்குறியைப் பிடுங்கப் போகிறது.
அந்த இடைவெளியில்
மூன்று வந்து குறியை மிதிக்கிறது.
இது யாருடையது என்று பேரேட்டைக் கேட்கிறது.
யாருடையதும் இல்லை.
கேட்பாரற்றுச் சாகிறது.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்.
முதலில் குறியைப் பிடுங்கு.
ஏற்கெனவே மிதித்தவர்கள் எல்லாரும்
வெளியே வரும்வரை நில்.
அப்புறம் அடி பெயரை.
மொத்தம் ஏழு வரி,
அதில் ஒன்று வெறும் காத்திருப்பு.

"இதற்கா எட்டு நாள்?"
காலையில் பனி உதறிக்கொண்டே ஓட்டகர்.
நாற்பது லட்சம் முறை ஓடியிருந்தது.
விழவில்லை.
விழாதது எனக்குப் போதவில்லை,
போன வாரமும் நான் பார்க்கும்போதெல்லாம்
விழாமல்தானே இருந்தது.
பழைய வரிசையை மறுபடி வைத்து
நடுவே வேண்டுமென்றே ஒரு தாமதம் சேர்த்தேன்:
முதல் ஓட்டத்திலேயே செத்தது.
அதே தாமதத்தோடு புதிய வரிசை:
சாகவில்லை.
இப்போது நம்பினேன், முக்கால்வாசி.

குன்றில் மணி அடித்தது, பன்னிரண்டு.
சுவரில் பதினொன்று.
ஓட்டகர் சாப்பிடக் கூப்பிட்டான்.
நீ போ என்றேன்.
ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து,
இரண்டு கடிகாரமும் ஒத்துக்கொண்ட பிறகு
எழுந்தேன்.

சூப் ஆறியிருந்தது.