மயிரிழை

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு.
சாட்ஸ்வர்த் முழுக்கப் புகை.
ஒரு மாதம் பருப்பும் பூசணியும் தின்ற தெருவுக்குச்
சிறுகுடலைப் பெருங்குடல் தின்னும் பசி.

பிராய் அடுப்பின் கிரில்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
மாதம் முழுக்க மழையில் கிடந்த கிரில்.
கூடவே நனைந்து கிடந்த கம்பி பிரஷ்,
பங்களாதேஷ் மார்க்கெட்டில் இருபத்தைந்து ராண்டு.

பூபாலன் மச்சான் வருகிறார்,
மூன்று வருஷத்துக்குப் பிறகு.
அப்பா வீட்டை விற்ற காசில்
தங்கையின் பங்கைக் குறைத்தேன் என்று
கல்யாண மண்டபத்தில், பந்தியே திரும்பிப் பார்க்க,
"எங்க வயித்துல அடிச்சிட்டியேடா" என்றவர்.
குறைத்தேன்தான்.
எவ்வளவு என்பது கோகிலத்துக்கே தெரியாது.

அதனால் அழுத்தித் தேய்த்தேன்.
கரி உதிர, துரு உதிர,
தோள் வலிக்க.

முதல் சாப்ஸ் மச்சானுக்கு.
ஓரத்தில் கருகிய கொழுப்பு அவருக்குப் பிடிக்கும்,
மறக்கவில்லை நான்.
மென்றவர் நடுவில் ஒரு நொடி நின்றார்,
நாக்கால் எதையோ துழாவினார்.
"எலும்புத் துணுக்குடா"
என்று பீரை ஊற்றி இறக்கினார்.
சிரித்தோம்.

புதன்கிழமை, வாயு.
கோகிலம் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள்.
வெள்ளிக்கிழமை, அல்சர்.
கிளினிக்கில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள்.
சனிக்கிழமை இரவு, மின்வெட்டில்,
குளியலறைத் தரையில் மடங்கிக் கிடந்தவரை
டார்ச் வெளிச்சத்தில் கண்டாள்.
வயிறு பலகையாய் இருந்ததாம்,
விரல் பட்டால் கத்தினாராம்.
போனில் கேட்டபோது
எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.
ஏனென்று அப்போது தெரியாது என்று
பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.
போனை வைத்ததும் பின்பக்கம் ஓடி
பிரஷ்ஷைத்தான் எடுத்துப் பார்த்தேன்.
கடைசி வரிசையில் பாதி இல்லை.

ஸ்கேனில் ஒரு கோடு.
யாரோ பென்சிலால் தெரியாமல் கீறிய மாதிரி,
குடலின் மடிப்புக்குக் குறுக்கே.
டாக்டர் மசிபுக்கோ கேட்டார்:
தையல் வேலையா இவருக்கு?
ஊசியை வாயில் கவ்வும் பழக்கம் உண்டா?
இல்லை என்றாள் கோகிலம்.
டாக்டர் என் பக்கம் திரும்பினார்.
"பிராய் பிரஷ்" என்றேன்.
மூன்று வருஷத்தில்
நான் ஒப்புக்கொண்ட முதல் விஷயம்.
அவர் ஆச்சரியப்படவில்லை,
எழுதிக்கொண்டார்.

நான்கு மணி நேரம்.
ஒரு சாண் குடல் போயிற்று.
சீழைக் கழுவிக் கழுவி எடுத்தார்களாம்.
"மயிரிழையில் தப்பினார்" என்று
வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள் கோகிலம்.
அந்த மயிரிழை
மூடி போட்ட சிறு டப்பாவில்
கட்டில் மேஜைமேல் இருந்தது,
மூன்று அரிசி நீளம், நுனி கறுத்து.

வயிற்றோரம் ஒரு பை தொங்க
மச்சான் டப்பாவைக் காதருகே ஆட்டினார்.
சத்தமே இல்லை.
"இதுக்கு எவ்வளவுடா குடுத்தே?"
"இருபத்தஞ்சு ராண்டு, மச்சான். முழு பிரஷ்ஷுக்கும்."
சிரிக்கப் போய், தையலைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடினார்.

மூடியிருந்ததால்தான் சொன்னேனோ என்னவோ.
"எண்பதாயிரம்."

"அவ்வளவெல்லாம் ஆகாதுடா" என்றார்
கண் திறக்காமலே.
"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானே."

ஜன்னலோரம்
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கோகிலத்தின் கைகள்
நின்றன.