இருட்டு வராத ஜூன்

இரவு பதினொன்றரை.
ஏழாம் குழியின் கொடிக்கம்ப நிழல்
மணல்பள்ளம் தாண்டி
மலைப்பக்கம் நீண்டு கிடக்கிறது.

மற்ற நாட்டு கோல்ஃப் மைதானங்களில்
என்னைப் போன்ற கண்காணிப்பாளனுக்கு
ஒரு சொல் கைவசம் இருக்குமாம்:
இருட்டப்போகிறது.
சொன்னதும் ஆட்கள் நடையைக் கூட்டுவார்களாம்.
ஐஸ்லாந்தின் வடகோடியில், ஜூன் மாதத்தில்,
அந்தச் சொல் செல்லாக்காசு.

என்னிடம் இருப்பவை
பேட்டரி வண்டி ஒன்று, நிறுத்துக்கடிகாரம், தொலைநோக்கி,
சங்கம் அச்சடித்துக் கொடுத்த அட்டை:
பந்தைத் தேட மூன்று நிமிடம்.
தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம்.
பின்னால் வருபவருக்கு வழிவிடவும்.
அட்டை மூலையில் யாரோ ஆமை வரைந்திருக்கிறார்கள்.
அதற்கு என் முகச்சாயல்.

இன்றைக்கு இந்த நால்வர்.
பல்மருத்துவர் ஹால்க்ரீமுர்,
ஒரு அடிக்கு முன்னால் ஆறு தடவை காற்றை வெட்டுகிறவர்.
அவர் மைத்துனர் ஸ்னைப்யோர்ன்,
புல்லில் குப்புறப் படுத்துச் சரிவை அளக்கிறவர்.
மீன் தொழிற்சாலைக் கணக்கர் ரான்வேய்க்,
எல்லார் அடிகளையும் அங்கேயே நின்று கூட்டுகிறவள்.
ஓத்னி மோசமில்லை,
ஆனால் கதை சொல்லத் தெரிந்தவள்.
பின்னால் மூன்று குழுக்கள்
காப்பி குடுவையைத் திறந்துவிட்டார்கள்.

போய் மரியாதையாகத்தான் சொன்னேன்.
"முன்னால் ஒரு குழி முழுக்கக் காலி."
ஹால்க்ரீமுர் மட்டையால் சூரியனைக் காட்டினார்.
"அதை அவசரப்படுத்து, எகில்.
அது இறங்கினால் நாங்களும் கிளம்புகிறோம்."
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அடுத்த அடியில் ஓத்னியின் பந்து உருண்டுபோய்
வேலியோரக் கூழாங்கல் திட்டில் விழுந்தது.
ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும் இடம்.
எச்சரித்திருக்கலாம்.
கடிகாரத்தை அழுத்தினேன்.

பதினைந்தாம் நொடியில் முதல் ஆலா.
ஒரு கைப்பிடி கனம் இருக்குமா அது?
தென்முனைப் பனியிலிருந்து புறப்பட்டு
யாரிடமும் வழி கேட்டுக் கெஞ்சாமல் வந்து சேர்ந்தது.
ஹால்க்ரீமுரின் வழுக்கையில் ஒரு கொத்து.
பிறகு நாலு, பிறகு வானம் முழுக்கக் கிறீச்.
மட்டைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து
நால்வரும் ஓடிய ஓட்டத்தில்
எட்டாம் குழி ஐந்து நிமிடத்தில் முடிந்தது.
ரான்வேய்க் எதையும் கூட்டவில்லை.

பின்னாலிருந்து கைதட்டல்.
நான் தட்டவில்லை.

ஜனவரியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
கணவாய்ப் பாதையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர்,
மீறினால் வண்டி புரளும்.
காலை பத்துக்கும் விடியாத வானம்.
என் முதுகில் நாற்பது ஜோடி விளக்குகள்.
எவனாவது ஒருவன் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவான்,
நகர்ந்து தொலை என்று.
ஒரு தடவை அது ஹால்க்ரீமுரின் நீலக் கார்.
யாரோ பல்வலியோடு காத்திருந்திருக்கலாம்.
வேகத்தைக் கூட்டவில்லை.
ஒதுங்க அங்கே இடமும் இல்லை.

ஒன்பதாம் குழியில் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்:
"எவ்வளவு நேரம் ஆயிற்று எங்களுக்கு?"
மூன்று நிமிடத்துக்கு அழுத்திய கடிகாரம்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
"பதினேழு" என்றேன்.
எதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை.

"என் பந்து?" என்றாள் ஓத்னி.
தொலைநோக்கியைக் கொடுத்தேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
கூழாங்கல் திட்டில், இரண்டு புள்ளி முட்டைகளோடு
மூன்றாவதாக அந்த வெள்ளையையும் சேர்த்து
இறகுக்குள் இழுத்து
ஆலா அமர்ந்துகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.