முன்மொழிவு 1143

புதிய யாப்புக்கு மக்கள் கருத்துக் கேட்டார்கள்.
மூட்டை மூட்டையாய் வந்தது.
சிங்களத்தில் வந்ததைத் தமிழில் சுருக்கி
ஒரு கருத்துக்கு ஐந்து வரி
தட்டச்சுச் செய்து கொடுப்பது என் வேலை.
பொரளைக் கந்தோர். மழைக்காலம்.
மின்விசிறிக்குப் பறக்காமல்
கடிதங்களின் மேல் கல் வைத்திருந்தோம்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவது
கொம்பனித்தெருவிலிருந்து.
துவான் ஜுமாட், சலூன் வைத்திருப்பவர்.
கொப்பித்தாள், இரண்டு பக்கம், சிவப்புப் பேனா:

"எங்களுக்கு ஓர் அரசர் வேண்டும்.
அதிகாரம் ஒன்றும் கொடுக்காதீர்கள்.
கையெழுத்துப் போடட்டும், கொடியேற்றட்டும்,
வெள்ளம் வந்தால் எங்களோடு வந்து நனையட்டும்.
தேர்தலில் வென்றவன் எவனானாலும்
செவ்வாய்தோறும் அவர் முன்னால் நின்று
நடந்ததைச் சொல்லட்டும்.
முப்பத்தொரு வருசமாய்ப் பார்க்கிறேன்,
எந்தப் பெரிய ஆளும் என் கதிரையில்
தலை குனிந்துதான் ஆக வேண்டும்.
கத்தி என் கையில். நான் எடுப்பதோ
முடியை மட்டும்."

சிங்களத்தில் அது வெறும் மயிர்.
தமிழில் போட்டதும்
கிரீடமும் ஆகிவிட்டது.
அழித்தேன். வேறு சொல் தேடினேன்.
திரும்ப அதையே போட்டேன்.

அந்த ஜூலையில் நானும் போனேன், மாளிகைக்கு.
கேஸுக்கு நின்ற கால்கள்
பெற்றோலுக்கு நின்ற கால்கள்
அங்கேயும் வரிசை கட்டின, யாரும் சொல்லாமலே.
கட்டில் பார்க்க ஒரு வரிசை.
குளியலறை பார்க்க ஒரு வரிசை.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார் ஒருவர்.
நான் ஒரு பெரிய கதிரையில் உட்கார்ந்தேன்.
பக்கத்து வீட்டு நிரோஷினி படம் எடுத்தாள்.
எழும்பும்போது, ஏனோ தெரியாது,
இருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டேன்.

ஆளைத் துரத்தியவர்கள்தான் நாங்கள்.
துடைத்ததும் நான்தான்.

ஆனால் ஜுமாட், எந்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து வைப்பது?
கோபம் வந்தால் அவர் எந்த மொழியில் ஏசுவார்?
காணாமல் போனவர்களின் பட்டியலை
வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள்
செவ்வாய்க்கிழமை உள்ளே போகலாமா?
போனால் தலையசைப்பார்.
தலையசைக்கத்தானே வைத்திருக்கிறோம்.

முடி ஒன்று முன்பும் இருந்தது, கடலுக்கு அப்பால்.
தோட்டத்தில் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப்
பறித்த சட்டம் அதன் பேரில்தான் நிறைவேறியது.
முடி ஒரு சொல் சொல்லவில்லை.
எழுபத்திரண்டில் முடியை இறக்கினார்கள்.
சிறுபான்மைக்கென்று பழைய யாப்பில்
ஒரு பிரிவு இருந்தது,
அதுவும் அந்த மூட்டையோடு போனது.
குடியரசும் ஒரு சொல் சொல்லவில்லை.
பேந்து வந்தவர்கள் கிரீடம் வைக்கவில்லை,
அதனால் தலையின் அளவு
யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இதையெல்லாம் ஐந்து வரியில் எழுத முடியாது.
எழுதச் சொல்லியும் கேட்கவில்லை.

"முன்மொழிபவர் அதிகாரமற்ற அரச தலைவர்
ஒருவரை வேண்டுகிறார். அரசாங்கத் தலைவர்
வாரம் ஒருமுறை அவரிடம் விளக்கமளித்தல் வேண்டும்."
மூன்று வரியில் முடிந்தது.
மேலதிகாரி வாசித்தார், சிரித்தார்,
ஓரத்தில் எழுதினார்: ஏனையவை.

சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு
103இல் கோட்டைக்கு, அங்கிருந்து நடை.
சலூன் சின்னது. கண்ணாடியில் ஒரு வெடிப்பு.
கதிரையின் கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு
மகனைத் தூக்கி இருத்தினார்.
கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி.
"குனியுங்கோ ராசா" என்றார்.
வரும் பிள்ளை எல்லாரையும்
அப்படித்தான் கூப்பிடுவாராம்.

கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.
அறுநூறு ரூபாய்.
மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருக்கையில்
வேலைக்கார இளைஞன் தும்புத்தடியோடு வந்தான்.
தரையெல்லாம் முடி.
யாருடையது எது என்று பார்க்காமல்
ஒன்றாகக் கூட்டினான்.