இடது பின்சக்கரம்

உயிலில் ஒரே வரி:
வாக்ஸ்ஹால் வண்டி இருவருக்கும்.
எப்படிப் பிரிப்பது என்று எழுதவில்லை.
முன்பாதி லெயாந்த்ரோவுக்கு, பின்பாதி எனக்கு என்று
கார்மெலோ ஊரின் மதுக்கடையில்
யாரோ சொல்லிச் சிரித்தார்களாம்.
பதினாலு மாதம் அவனும் பேசவில்லை, நானும்.

வண்டிக்கு அது தெரியாது.
ஐம்பத்தொன்றில் பிறந்தது, எங்கள் இருவருக்கும் மூத்தது.
கோழிகள் முட்டையிட்ட பின்னிருக்கையோடு
கொட்டகையில் நின்றது.
மிதித்தால் பிரேக் தரைவரை போய்
ஒன்றும் சொல்லாமல் திரும்பி வரும்.

தையல் மெஷின் ரிப்பேர் என் தொழில்.
இதுவும் கொஞ்சம் கனத்த தையல் மெஷின்தானே
என்று இறங்கினேன்.
மூன்று சனிக்கிழமை.
ஜாக்கி ஏற்றி, அடியில் கட்டை கொடுத்து,
டிரம்மைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
சுத்தியலுக்கு மசியாதது
மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறியதும்
வழிக்கு வந்தது.
உள்ளே துருத்தூள்,
ரிவெட் தெரியத் தேய்ந்த லைனிங்,
ஒரு சிலந்தி, அதன் குடும்பம்.
சிலிண்டர் ரப்பர்கள் விரல் பட்டதும் உதிர்ந்தன.
புதியவை மொந்தேவிதியோவிலிருந்து
பஸ்ஸின் அடிப்பெட்டியில் வந்தன;
டிரைவருக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட்.

கடைசியாக இடது பின்சக்கரம்.
குழாயின் முடுக்கை அவிழ்த்தால்
எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.
மெஷின் ஊசியால் நெம்பினேன்.
உள்ளே ஒரு காசு.
பழைய இரண்டு சென்டேசிமோ,
குழாயின் வாயளவுக்கு அரத்தால் ராவி
மூடியாக இறக்கியிருந்தது.
எப்போதோ அந்தச் சக்கரம் ஒழுகியிருக்கிறது.
மணல் படகுகளுக்குக் கணக்கு எழுதியவர்,
மாதக் கடைசியாக இருந்திருக்கும்.
சிலிண்டர் வாங்கக் காசில்லை.
அடைக்கக் காசு இருந்தது.

அப்படியானால் இத்தனை வருடம்
மூன்று சக்கரத்தில்தான் நின்றிருக்கிறோம்.
மிதிக்கும்போதெல்லாம் வண்டி வலப்புறம் இழுத்தது
அதனால்தான்.
ஸ்டியரிங்கை எப்போதும் ஒரு விரற்கடை
இடப்புறம் பிடித்தே அப்பா ஓட்டியது
அதனால்தான்.
அது அவருடைய அரசியல் என்று
கேலி செய்திருக்கிறோம்.
அவர் மறுக்கவில்லை.

காசை எடுத்து டேஷ்போர்டில் வைத்தேன்.
குழாய் மாட்டி எண்ணெய் ஊற்றினேன்.
இனி காற்றை வெளியேற்ற வேண்டும்,
அதற்கு ஆள் இரண்டு:
மேலே ஒரு கால், கீழே ஒரு கை.
மளிகைக்கடை ஒசிரிஸைக் கூப்பிட்டிருக்கலாம்.
அவன் கால் அவசரக் கால்.
லெயாந்த்ரோவுக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் பாதிக்கு ஒரு வலது கால் தேவை.

வந்தான். முகமன் இல்லை.
கோழி இறகைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.
அடியில் மல்லாந்து கிடந்து சொன்னேன்:
மிதி.
பிடி.
நட்டைத் திறந்தேன். ஜாடிக்குள்
அடிப்பிடித்த பாகின் நிறத்தில் எண்ணெய்,
கூடவே குமிழிகள்.
மூடினேன்.
விடு.

மிதி. பிடி. விடு.
நான்கு சக்கரம், நாற்பது தடவைக்கு மேல்.
உயிலுக்குப் பிறகு
நாங்கள் பேசிய ஆக நீண்ட பேச்சு அது.
முப்பதாவதில் இருக்கும்,
விடு என்றேன்.
பெடல் எழவில்லை.
"எதை?" என்றான்.
"காலை" என்றேன்.
கொஞ்சம் பொறுத்தே எடுத்தான்.

மாலையில் திருகுபாலம் வரை போனோம், நான் ஓட்டினேன்.
சரிவில் மிதித்தேன். நின்றது.
ஆனால் இடப்புறம் ஒதுங்கி,
ஒரு மீன்காரனின் சைக்கிளுக்கு
ஒரு முழம் தள்ளி.
"இன்னும் காற்று இருக்கிறது, பின்னால்" என்றேன்.
"வண்டி நேராகத்தான் நிற்கிறது.
திருப்புவது நீ, சுல்மா."
என் இடது கையைப் பார்த்தேன்.
ஒரு விரற்கடை.

மீன்காரன் வைதுகொண்டே போனான்,
நியாயமான வசவுதான்.
லெயாந்த்ரோ டேஷ்போர்டிலிருந்து
அந்தச் செல்லாக் காசை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

உயிலில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.
நானும் கேட்கவில்லை.